வரமும் வாரமும்

சங்கீத ரஸனையில் வேறுபாடு வந்தால், கச்சேரி முடிந்து வீடு போய்ச் சேருவதற்குள் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். சென்ற கோடையில் கொடைக்கானலில் நான் பார்த்த சண்டை அந்த ரகமல்ல. என் நண்பர் ஒருவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், கத்தோலிக்கர். அவர் மனைவி இறந்து ஓர் ஆண்டு நிறையப் போகிறது. சலேத் மாதா ஆலயத்தில் நினைவுப் பூசைக்கு ஏற்பாடாகியிருந்தது. அதில் என்ன பாட்டுப் பாடுவது என்று அவருக்கும் மகனுக்கும் பேச்சு முற்றி, இரண்டு நாளாய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சங்கீதம் கேட்கிறவன், கத்தோலிக்கன் அல்லாதவன் என்ற இரண்டு தகுதிகளுக்காக என்னை மத்தியஸ்தனாக்கினார்கள்.

தகப்பனார் கட்சி லத்தீன். “கடைவீதியில் கேட்கிற சத்தத்தையே கோயிலிலும் கேட்பதென்றால் கோயில் எதற்கு?” என்றார். மகன் பாடகர் குழு நடத்துகிறவன், கீபோர்டு வாசிப்பான். “அம்மாவுக்குப் புரியாத பாஷையில் அம்மாவுக்குப் பாட்டா, மாமா?” என்றான்.

இருவரும் சாட்சிக்கு அழைத்தது ஒரே ஏட்டைத்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம் அது. லத்தீன் வழிபாட்டில் கிரகோரியன் சங்கீதத்துக்கு முதலிடம் என்று அதில் இருக்கிறது. தகப்பனார் அந்தப் பக்கத்தைக் காட்டினார். மறைபரப்பு நாடுகளில் மக்களுக்கென்று உள்ள இசை மரபுக்கு உரிய மதிப்பும் தகுந்த இடமும் தர வேண்டும் என்றும் இருக்கிறது. மகன் அதைக் காட்டினான்.

லத்தீன் பாட்டு அந்நியம், தன் பாட்டு சுதேசி என்பது மகனுடைய வாதத்தின் அஸ்திவாரம். அது அவ்வளவு உறுதியானதல்ல. கிரகோரியன் பாட்டில் பல குரல்கள் வெவ்வேறு ஸ்வரங்களில் சேர்ந்து ஒலிக்கும் மேல்நாட்டு முறை கிடையாது. எல்லோருக்கும் ஒரே மெட்டு. தாளக் கட்டும் இல்லை. நாம் விருத்தம் பாடுவதுபோல் சொல்லின் போக்கில் போகும். எட்டு வகை ஸ்வர அமைப்புகள் அதற்கு உண்டு. முதலாவதன் ஸ்வரங்கள் நம் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். மூன்றாவதன் ஸ்வரங்கள் தோடியுடையவை. கமகமும் பிடிகளும் வேறு, ஆகையால் ராகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நம் காதுக்கு அது பக்கத்து வீடு. கீபோர்டில் மூன்று ஸ்வரங்களை ஒருசேர அழுத்திக்கொண்டு பாடுகிறானே, அந்த முறைதான் கப்பலேறி வந்தது.

தகப்பனார் கட்சியிலும் ஓட்டை உண்டு. கீபோர்டு என்றால் அவருக்கு ஆகாது. சிறுவயதில் கேட்ட ஆர்மோனியம் என்றால் கண் கலங்கும். ஆர்மோனியம் 1842-ல் பாரிஸில் உரிமை பதிவான கருவி. நம் சங்கீதத்துக்கு ஒவ்வாது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை வெளியே நிறுத்தி வைத்திருந்தது. ஆக, பழமை என்ற அளவுகோலும் சுதேசி என்ற அளவுகோலும் கையில் எடுத்தவுடனே முறிந்துவிடுகின்றன.

எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தெரிந்த அளவுகோல் வேறு. மெட்டு சொல்லைக் கொல்லாமல் இருக்கிறதா? மலையடிவாரத்தில் ஒரு கோயிலில் ஒருமுறை கேட்டேன். ஊர்ப் பெயர் வேண்டாம். மெட்டு எங்கிருந்தோ வந்திருந்தது. அதற்கு அளவெடுத்துச் சொற்களைத் திணித்திருந்தார்கள். குறில் நிற்கவேண்டிய இடத்தில் மெட்டு நீண்டது. வரம் கேட்க வந்த ஜனங்கள் ஒருமுகமாய் ‘வாரம்’ கேட்டார்கள். ‘மனம்’ தருவதாகச் சொல்லி ‘மானத்தை’த் தந்தார்கள். தமிழில் குறிலும் நெடிலும் அலங்காரமல்ல, அர்த்தம்.

இதை முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. 1845-ல் கொடைக்கானலில் முதன்முதலாகக் குடியேறியவர்கள் மதுரை அமெரிக்க மிஷன் புராட்டஸ்டண்டுகள். அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-ல் தமிழ்க் கீர்த்தனைத் தொகுதி ஒன்றை அச்சிட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாட்டுகள் அதில் பல. தம் ஊர் மெட்டுகளோடு நின்றுவிடாமல் ஓர் அமெரிக்கர் தமிழ்ப் பாட்டைத் தேடிப் போனார். கத்தோலிக்கரில், 1879-ல் தமிழின் முதல் நாவலை வெளியிட்டு என் போன்றவர்களுக்குப் பிழைப்புத் தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை இருக்கிறார். அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் கச்சேரி மேடையிலும் ஏறின. சொல் அங்கே மெட்டோடு பிறந்தது.

அப்படியானால் கீர்த்தனைதான் என் தீர்ப்பா என்றால், அதுவும் இல்லை. கீர்த்தனையை வித்வானிடம் ஒப்படைத்துவிட்டால் ஜனங்கள் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்த மலையடிவாரக் கோயிலில் ‘வாரம்’ கேட்டவர்கள்கூட முதல் இரண்டு வரிகளோடு ஓய்ந்துபோனார்கள். பாடகர் குழுவின் முன்னால் நாலு மைக்குகள். அவற்றோடு யார் போட்டி போடுவது? நண்பருடைய தாயாரோ, எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கத் தெரிந்தவர், தமிழ் எழுத்தில் அச்சான ஜெபப் புத்தகத்தை வைத்துக்கொண்டு லத்தீன் ‘தாந்தும் எர்கோ’வைப் பிழையில்லாமல் பாடுவாராம். 13-ஆம் நூற்றாண்டில் தோமாஸ் அக்குவினாஸ் இயற்றியது. சொல் புரியாது, ஆனால் பாடியது அவருடைய வாய். பத்தாம் பத்திநாதர் 1903-ல் பியானோவையும் முரசையும் கோயிலிலிருந்து விலக்கிய கட்டளையிலும் சரி, 1963 சாசனத்திலும் சரி, வழிபாட்டில் ஜனங்கள் பங்குகொள்ள வேண்டும் என்பது அழுத்தமாக இருக்கிறது. தகப்பனும் மகனும் எனக்குக் காட்டாத பக்கம் அதுதான்.

சண்டைக்குக் காரணமான பூசை நடக்கவிருந்த ஆலயத்திடமே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1860-களில் பிரெஞ்சு சேசு சபையார் எழுப்பிய கோயில் அது. சலேத் என்பது பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலைக் கிராமம். 1846 செப்டம்பர் 19 அன்று அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகளுக்கு மாதா காட்சி தந்ததாகச் சொல்வார்கள். முதலில் பிரெஞ்சில் பேசினாளாம். உருளைக்கிழங்குக்கு அவள் சொன்ன பிரெஞ்சுச் சொல் சிறுமிக்கு விளங்கவில்லை. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அந்தப் பக்கத்துக் கொச்சைக்கு மாறி மீதியைச் சொன்னாளாம். நம்புவதும் நம்பாததும் அவரவர் விஷயம். பேச்சை மாற்றினாளே தவிர, சொல்ல வந்ததை அவள் மலிவாக்கவில்லை. எனக்கு முக்கியம் அதுதான். கேட்கிறவருடைய வாயில் உட்கார வேண்டும். உட்காருவதற்காக விஷயம் சிறுத்துப்போகக் கூடாது. பக்திப் பாட்டுக்கு இதைவிட நல்ல விமரிசன விதி எனக்குத் தெரியாது.

தீர்ப்புக் கேட்டார்கள். நான் ஒரு கேள்வி கேட்டேன். “அந்த அம்மாள் வேலை செய்கிறபோது என்ன பாடுவார்கள்?”

“அவளுக்கு ஏது சங்கீதம்? அரிசி களைகிறபோது ஏதோ ஒரு மாதா பாட்டை முணுமுணுப்பாள்” என்றார் நண்பர்.

மகன் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதை மெல்லப் பாடினான். இரண்டாவது அடியில் தகப்பனார் கையை உயர்த்தினார்.

“அங்கே இழுக்காதே, தம்பி. அவள் இழுக்கமாட்டாள்.”

பூசையில் லத்தீனும் இருந்தது, கீபோர்டும் இருந்தது. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் இரண்டும் இல்லை. அதைத்தான் எல்லோரும் பாடினார்கள்.