பதினைந்து நாளில் முடியாத சிகிச்சை

போதையை நிறுத்தவைத்து, நடுக்கமும் உடல்வலியும் அடங்கும்வரை உள்நோயாளியாகவோ முகாமிலோ வைத்திருந்து, தேறியதும் வீட்டுக்கு அனுப்புவது நம்மிடம் நன்கு வேரூன்றிய சிகிச்சைமுறை. இதன் பெருமையைக் குறைத்துப் பேச முடியாது. சென்னையில் 1980இல் தொடங்கப்பட்ட டி.டி. ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷன், 1989இல் மஞ்சக்குடி கிராமத்துக்கே சென்று குடிநோயாளிகளுக்குப் பதினைந்து நாள் முகாம் நடத்தியது. நகரத்துக்கு வர வழியில்லாதவர்களுக்கு மருத்துவம் எட்டியது. குடும்பமும் ஊரும் சிகிச்சையில் பங்கெடுத்தன. ஜவ்வாது மலைமேல் உள்ள புதூர்நாடு போன்ற ஊர்களுக்கும் இந்த வழியே ஏற்றது. ஆனால் முகாமின் கடைசி நாளையே சிகிச்சையின் கடைசி நாளாகக் கொண்டால், ஹெராயின், டேபென்டடால் போன்ற ஓபியாய்டுகளைப் பொறுத்தவரை அது உயிருக்கே ஆபத்தாகும்.

காரணம் மூளையின் ஏற்பிகளில் இருக்கிறது. ஓபியாய்டுகள் மியூ ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, டோபமின் சுரப்பைக் கட்டுப்படுத்தும் நரம்பணுக்களை அடக்குகின்றன. டோபமின் பெருகி இன்பம் பிறக்கிறது. நாள்தோறும் இது நடந்தால் ஏற்பிகள் மந்தமாகின்றன, சில நரம்பணுவுக்குள் இழுக்கப்படுகின்றன. அடக்கத்தை ஈடுகட்ட நரம்பணுவின் உள்வேதியியலும் முடுக்கிவிடப்படுகிறது. ஓபியாய்டு திடீரென நின்றதும் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. நார்அட்ரினலின் பெருகி வியர்வையும் பதற்றமும் வருகின்றன. குடல் கட்டவிழ்ந்து வயிற்றுப்போக்கு உண்டாகிறது. டோபமின் வற்றி எதிலும் மகிழ்ச்சி இல்லாமல் போகிறது. உடல் துன்பம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தணிகிறது. மந்தமான ஏற்பிகளும் சில நாட்களில் தொடங்கிச் சில வாரங்களுக்குள் கூர்மை பெறுகின்றன. இன்ப மண்டலம் தேறவோ மாதக்கணக்கில் ஆகிறது. ஓபியாய்டுக்கு அடிமையானவர்களிடம் டோபமினின் டி2 ஏற்பிகள் குறைவாக இருப்பதை 1997இல் வெளியான ஒரு மூளைப்படப் பதிவு ஆய்வு காட்டியது. அந்தக் குறைவு போதைக்கு முன்பே இருந்ததா என்பதை அது தீர்மானிக்கவில்லை. ஆக, முகாம் முடியும் நாளில் ஏக்கம் அப்படியே இருக்கிறது, ஓபியாய்டைத் தாங்கும் திறனோ பெருமளவு போய்விட்டது. பழைய அளவை மீண்டும் எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. 2003இல் வெளியான சுவீடன் ஆய்வில் ஹெராயின் நோயாளிகள் 40 பேருக்கும் ஆலோசனை தரப்பட்டது. பாதிப்பேருக்கு ஓராண்டு முழுவதும் புப்ரெனார்ஃபின் என்ற மாற்று ஓபியாய்டு மருந்து. மீதிப்பேருக்கு அதை ஆறு நாளில் குறைத்து நிறுத்திவிட்டு வெற்று மாத்திரை. ஆண்டு முடிவில் முதல் பிரிவில் 75 விழுக்காட்டினர் சிகிச்சையில் இருந்தனர். இரண்டாம் பிரிவில் ஒருவரும் இல்லை, நால்வர் இறந்திருந்தனர்.

ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று கேட்பவர்கள் உண்டு. புப்ரெனார்ஃபின் ஏற்பியை இறுகப் பற்றினாலும் அதை ஓரளவே தூண்டுகிறது. ஒரு வரம்புக்கு மேல் அதன் விளைவு ஏறுவதில்லை. நோயாளி மயங்காமல் வேலைக்குப் போகலாம். இந்த மருந்தையே ஊசியில் ஏற்றிக்கொள்ளும் தவறான பழக்கம் இந்தியாவில் உண்டு என்பது உண்மை. அதனால்தான் ஊழியர் கண்முன்னே நாக்கடியில் கரையவைக்கும் முறை இருக்கிறது. ஆனால் நாள்தோறும் வரச்சொல்லும் அந்த முறை மலைவாழ் மக்களுக்குப் பெருஞ்சுமை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

புதூர்நாட்டின் சிக்கல் சாராயம்தானே, ஓபியாய்டு இல்லையே என்பது இன்னும் வலுவான மறுப்பு. குடியை நிறுத்தும்போது வேறு ஏற்பிகள் கொந்தளிக்கின்றன. வலிப்பும் வரலாம், எனவே அங்கே மருத்துவக் கண்காணிப்பில் கழியும் முதல் நாட்கள் உயிர்காப்பவை. ஆயினும் மதுவின் இன்பத்திலும் மியூ ஏற்பிகளுக்குப் பங்குண்டு. அவற்றை அடைக்கும் நால்ட்ரெக்சோன், குடிநோய்க்கான மருந்தாக 1994இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதையும் மாதக்கணக்கில் எடுத்தால்தான் பயன். ஓபியாய்டு உடலில் உள்ளவருக்குக் கொடுத்தால் போதை திடீரென நின்றதுபோன்ற கடும் துன்பம் வரும் என்பதால் தேர்ந்த கவனமும் தேவை.

ஆகவே முகாமைக் கைவிடச் சொல்வது பிழை. அதையே முழுச் சிகிச்சை என்பதும் பிழை. முகாம் முடிந்தபின் மாதாமாதம் மருந்தும் பரிசோதனையும் ஆலோசனையும் மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். எத்தனை பேர் முகாமை முடித்தார்கள் என்பதைவிட, ஓராண்டுக்குப் பின் எத்தனை பேர் சிகிச்சையில் நீடிக்கிறார்கள், எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்பதே அரசு கேட்க வேண்டிய கணக்கு.