உதிரிச் சிகரெட்டும் நமது விமர்சனமும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த லிங்கநகரில், மாலை வேளையில் ஒரு சிறு கடையின் எதிரே சற்று நிற்பவர் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. தனியார் வகுப்பு முடிந்து வரும் இளைஞன் ஒருவன் கடையை அணுகுகிறான். “அண்ணை, ஒண்டு” என்கிறான். எது ஒன்று என்று அவன் சொல்வதில்லை; கடைக்காரர் கேட்பதுமில்லை. உடைத்த பெட்டியிலிருந்து ஒரு சிகரெட் அவன் கைக்கு வருகிறது. கயிற்றில் தொங்கும் லைட்டரால் அதைப் பற்றவைத்துக்கொண்டு மதிலோரமாக ஒதுங்குகிறான். காசில்லாத நாளில் கணக்குக் கொப்பியில் ஒரு கோடு விழுகிறது. இதனை நாம் லிங்கநகருக்கு மட்டும் உரிய குற்றமாகக் கூறவில்லை. நாட்டின் எந்த மூலையிலும் இதே கடை உண்டு; இதே கயிறும் உண்டு.

இக்காட்சியில் விளம்பரம் என்று சுட்டத்தக்கது எதுவுமில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். சுவரில் வண்ணப்படம் இல்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குக் கம்பனி வழங்கிய கிண்ணமும் இல்லை. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையைத் தோற்றுவித்த 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், புகையிலைப் பொருள்களுக்கான விளம்பரத்தையும் அனுசரணையையும் இலவச விநியோகத்தையும் தடைசெய்தது. 21 வயதுக்குக் குறைந்தவர்க்கு விற்பது குற்றமாயிற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையைத் தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் முதன்முதலாக உறுதிசெய்த நாடும், 2003ஆம் ஆண்டில், இலங்கையே. பெட்டியின் மீது நோயுற்ற உடலின் படங்களை அச்சிடவேண்டும் என்ற விதியை எதிர்த்துக் கம்பனி நீதிமன்றம் சென்றது. படத்தின் அளவு குறைக்கப்பட்டது. பின்னர் 2015ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதனை 80 சதவீதமாக உயர்த்தியது.

இவையெல்லாம் மக்கள் நலனுக்காகப் போராடியோர் பெற்ற வெற்றிகள். இவற்றை அற்பமாகக் கருதுவோர் கட்சியில் நாமில்லை. ஆயினும், உதிரியாக வாங்கும் அந்த இளைஞன் பெட்டியைக் கையில் எடுப்பதேயில்லை. எண்பது சதவீதப் படம் கடைக்காரரின் மேசைக்குக் கீழே கிடக்கிறது. இத்தனை பாடுபட்டு வென்ற எச்சரிக்கை யாருக்கு மிகவும் தேவையோ அவனுக்கு எட்டாமற் போகிறது. உதிரி விற்பனையை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்காது விட்டதன் விளைவு இது.

விலைக்கழிவு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது புடைவைக்கடையின் பண்டிகைக்கால அறிவிப்பு. மேலைநாடுகளில் சிகரெட்டுக்கும் அத்தகைய கழிவு உண்டு. ஒரு பெட்டிக்கு மற்றொரு பெட்டி இலவசம் என்பார்கள். சீட்டைக் காட்டினால் விலை குறையும் என்பார்கள். நம்மிடையே கழிவு உதிரி என்னும் உருவில் நடமாடுகிறது. இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். உதிரியாக வாங்குபவன் ஒரு சிகரெட்டுக்குரிய முழு விலையையும் கொடுக்கிறானே, இதில் கழிவு எங்கே என்று கேட்கலாம். கணக்கு சரியே. நாள் முழுவதும் உதிரியாக வாங்கிப் புகைக்கும் கூலித் தொழிலாளி இறுதியில் ஒரு சதமும் மிச்சப்படுத்துவதில்லை. பழகியவனுக்கு இது கழிவன்று, தொடங்குபவனுக்கே கழிவு. பெட்டியாக மட்டுமே விற்கப்படுமாயின், முதன்முதலாகப் புகைத்துப் பார்க்க விரும்புபவன் ஒரு பெட்டியின் விலை முழுவதையும் கையில் வைத்திருக்க வேண்டும். உதிரியிலோ அதில் ஒரு சிறு துணுக்குப் போதும். கணக்குக் கொப்பி இருந்தால் அதுவும் வேண்டியதில்லை.

அக்கடைக்காரரிடமே ஒருநாள் கேட்டோம்: உதிரி விற்பதை நிறுத்தினால் என்ன? அவர் சிரித்தார். “பெட்டியா வாங்க இந்தப் பொடியளிட்டக் காசு எங்க இருக்கு?” என்றார். நமது வாதம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருந்ததை அவர் அறியார்.

கம்பனிகள் இதனை நெடுநாளாக அறியும். ஐக்கிய அமெரிக்காவில் நடந்த வழக்குகளினால் வெளிவந்த பிலிப் மொரிஸ் கம்பனியின் உள்ளகக் குறிப்புகள் நமது ஆசிரியர்களும் மாணவர்களும் படிக்கவேண்டிய இலக்கியம் என்றே சொல்லுவோம். புகைப்போரில் மிகப் பெரும்பாலோர் பதின்ம வயதிலேயே தொடங்குகின்றனர், ஆகவே அவ்வயதினரின் பழக்கம் கம்பனிக்கு முக்கியமானது என்கிறது 1981ஆம் ஆண்டுக் குறிப்பொன்று. 1987ஆம் ஆண்டுக் குறிப்பு இன்னும் வெளிப்படையானது. 1982, 1983ஆம் ஆண்டுகளின் விலையேற்றம் 6 இலட்சம் பதின்ம வயதினரைப் புகைக்கத் தொடங்காமல் தடுத்துவிட்டது என்ற பொருளியலறிஞர் ஒருவரின் மதிப்பீட்டை அது எடுத்தாளுகிறது. அவர்களுள் 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர் தமது வாடிக்கையாளராக வந்திருப்பர் என்று கணக்கிடுகிறது. இத்தகைய அடி மீண்டும் தமக்கு விழலாகாது என்று முடிக்கிறது. பிள்ளைகள் ஒரு நோயிலிருந்து தப்பியதை இழப்பாகப் பதிந்துவைத்த கணக்கேடு இது. முதலாளித்துவத்தின் மனச்சாட்சி எப்படிப்பட்டது என்று விளக்க நாம் பெரிய நூல்களைத் தேடிப்போக வேண்டியதில்லை.

1993 ஏப்ரல் 2ஆம் நாள் அதே கம்பனி தனது மார்ல்பரோ சிகரெட்டின் விலையைப் பெட்டிக்கு 40 சதம் குறைத்தது. மலிவான சிகரெட்டுகளிடம் பறிகொடுத்த வாடிக்கையாளரை மீட்பதற்கே அந்நடவடிக்கை. இன்று அந்நாட்டில் சிகரெட்டை விற்பதற்காகக் கம்பனிகள் செலவிடும் பணத்தின் மிகப் பெரும் பகுதி விலைக்கழிவுக்கே போகிறது என்பதை அரசாங்க ஆணைக்குழுவின் அறிக்கைகள் காட்டுகின்றன. தொலைக்காட்சியும் விளம்பரப் பலகையும் மூடப்பட்டபின் எஞ்சியிருந்த வாயில் விலைதான்.

அந்த வாயிலையும் அடைக்க முயன்ற நகரங்கள் உண்டு. ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரசபை 2012ஆம் ஆண்டில் சிகரெட்டுக்குச் சீட்டுக் கழிவையும் பல பெட்டிகளுக்கான கழிவையும் தடைசெய்தது. நியூயோர்க் நகரசபை 2013ஆம் ஆண்டில் கழிவுகளைத் தடைசெய்ததோடு, ஒரு பெட்டி 10.50 டொலருக்குக் குறைய விற்கப்படலாகாது என்று அடிவிலையும் விதித்தது. இரு நகரங்களிலும் வியாபாரிகள் வழக்காடினர். அவர்கள் முன்வைத்த வாதம் நம்மைப் போன்ற எழுத்துத் தொழிலாளருக்குச் சுவையானது: கழிவு அறிவிப்பதும் பேச்சுரிமையே என்றனர்! எழுத்தாளன் சிறைக்குப் போகும்போது எங்கும் காணப்படாத இவ்வுரிமைக் காவலர்கள், சிகரெட்டின் விலையைக் காக்க ஓடிவந்தார்கள். விலையை ஒழுங்குபடுத்துவது பேச்சைத் தடைசெய்வதாகாது என்று நீதிமன்றங்கள் கூறின. ஆனால் விலையும் ஒரு பேச்சே என்று அவர்களே ஒப்புக்கொண்டதை நாம் மறக்கலாகாது. இந்தியாவில் மகாராட்டிர அரசு 2020ஆம் ஆண்டில் சிகரெட்டையும் பீடியையும் உதிரியாக விற்பதைத் தடைசெய்தது. நம் பிராந்தியத்தில் நாம் முதலில் உறுதிசெய்ததாகப் பெருமைப்படும் அந்த உடன்படிக்கையே உதிரி விற்பனையைத் தடுக்க முயலுமாறு நாடுகளைக் கேட்கிறது.

மலிவான புகை திருகோணமலைக்குப் புதிதன்று. 1957ஆம் ஆண்டில் இலங்கையிடம் கையளிக்கப்படும் வரை இத்துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளம். தன் மாலுமிகளுக்குத் தீர்வையின்றிப் புகையிலை கிடைக்கச்செய்வது அக்கடற்படையின் நெடுநாள் வழக்கம். ஏகாதிபத்தியம் சோற்றோடு புகையையும் அளந்து கொடுத்தது. சலிப்பும் அச்சமும் மிகுந்த வாழ்வில் அதுவே மலிவான ஆறுதல். இன்றைய துறைமுகத்து இளைஞனுக்கும் சலிப்புண்டு. யுத்தத்தின் நிழலில் வளர்ந்த பெற்றோரின் பிள்ளை அவன். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வரிசைகளில் நின்றவன். நாட்கூலிக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் இடையில் தன் எதிர்காலத்தை எண்ணிப்பார்ப்பவன். அவனைப் பார்த்து, இக்காலத்துப் பிள்ளைகள் கெட்டுவிட்டனர் என்று பெருமூச்செறிவது ஆசிரியர்க்கு அழகன்று.

நமது விமர்சகர்களும் இப்பெருமூச்சிலிருந்து வெகுதூரம் சென்றுவிடவில்லை. 2002ஆம் ஆண்டில் ‘பாபா’ திரைப்படம் வந்தபோது, ரஜினிகாந்தின் சிகரெட்டை எதிர்த்துத் தமிழ்நாட்டில் பாட்டாளி மக்கள் கட்சி கிளர்ந்தெழுந்தது. அதுமுதல் திரையில் எழும் புகையைப் பற்றி நாம் எழுதிய பக்கங்கள் ஏராளம். கடையில் விற்கும் புகையின் விலையைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினோம்? நடிகனைக் கண்டிப்பது எளிது. கம்பனியின் விலைக்கொள்கையை ஆராய்வது சிரமம். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நமது முற்போக்குச் சிறுகதைகளில் பீடி தோழமையின் சின்னமாகவே வந்திருக்கிறது. வேலைநிறுத்தத்தின் இரவில் ஒரே பீடியை இருவர் பகிர்ந்துகொள்வர். சிந்திக்கும் கதாநாயகனின் விரலிடையே நெருப்பு ஒளிரும். அப்பீடியைச் சுற்றிய பெண்ணின் நெஞ்சில் புகுந்த தூசியை அக்கதைகள் அரிதாகவே கண்டன. நாமும் அக்கதைகளைப் பாராட்டி எழுதியவர்களே.

நம் தோழர்கள் சிலர் இரண்டு மறுப்புகளைக் கூறுவதுண்டு. விலையை உயர்த்துவது ஏழையின் சட்டைப்பையில் கைவைப்பதன்றோ என்பது ஒன்று. இதில் உண்மை இல்லாமலில்லை. வரி செல்வந்தனைவிட ஏழையையே அழுத்தும். ஆனால் விலை உயரும்போது மிகுதியாகப் புகைப்பதை விடுபவரும் ஏழையும் இளைஞனுமே. நோய்வாய்ப்பட்டால் மருத்துவமனை வாயிலில் கிடப்பவரும் அவர்களே. உலகெங்கும் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் புகையிலை கொல்கிறது. இந்நாட்டில் நெடுங்காலமாகச் சிகரெட் உற்பத்தியில் ஏகபோகம் செலுத்திவரும் சிலோன் டொபாக்கோ கம்பனியின் பங்குகளில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவுக்குச் சொந்தம். ஏழையின் சட்டைப்பையில் முதலில் கைவைத்தது யார் என்று நாம் கேட்கவேண்டாமா?

மற்ற மறுப்பு கனமானது. புகையிலை பயிரிடுவோரும் சுருட்டு, பீடி சுற்றுவோரும் என்ன ஆவர்? யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரத்துப் படிக்க ஏனையோர் சுருட்டுச் சுற்றியவாறே கேட்ட மரபு நமது அரசியல் விழிப்பின் வரலாற்றில் இடம்பெற்றது. அவர்களை நட்டாற்றில் விடும் எந்தச் சீர்திருத்தத்தையும் நாம் ஆதரியோம். ஆயினும் வழியில்லை என்று சொல்லற்க. கேரளத்துக் கண்ணூரில் 1969ஆம் ஆண்டில் பீடித் தொழிலாளர் அமைத்த தினேஷ் கூட்டுறவுச் சங்கம், பீடி குறைந்தபோது உணவுப்பொருள், குடை, ஆடை முதலிய தொழில்களில் இறங்கிற்று. புகையிலை வரியில் ஒரு பங்கையேனும் இத்தகைய மாற்றத்துக்கு ஒதுக்குமாறு நமது தொழிற்சங்கங்கள் ஏன் கோரலாகாது?

உதிரியைத் தடுத்தால் மட்டும் போதாது. இலங்கையில் சிகரெட்டின் உற்பத்தி வரி அதன் நீளத்துக்கேற்ப மாறுகிறது. நீளம் குறைந்தால் வரி குறையும். வரி குறைந்தால் விலையைக் குறைக்க இடமுண்டு. குட்டையான, மலிவான சிகரெட்டுக்குச் சட்டமே கதவு திறந்துவைக்கிறது, இதுவும் கழிவே. எல்லா நீளத்துக்கும் ஒரே வரி, பீடிக்கும் சேர்த்து ஓர் அடிவிலை, உதிரிக்கும் கடனுக்கும் தடை ஆகிய மூன்றும் ஒருங்கே வரவேண்டும். பீடியை விட்டுவிட்டால் சிகரெட்டிலிருந்து விலகும் பையன் பீடிக்குப் போவான். கடைக்காரருக்கு அடுத்த பெட்டியைத் திறப்பது ஒன்றே வேலை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் முயற்சியால் சில ஊர்களில் வியாபாரிகள் தாமாகவே சிகரெட் விற்பதை நிறுத்தியிருக்கின்றனர். அவர்களை மதிக்கிறோம். ஆனால் ஒரு கடை நிறுத்த அடுத்த கடை விற்குமாயின், நல்லவருக்கு நட்டமே மிஞ்சும்.

மே 31ஆம் நாள் புகையிலை எதிர்ப்புத் தினம் வரும். பாடசாலைகளில் ‘புகைத்தலின் தீமைகள்’ என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டி நடக்கும். நுரையீரலைப் பற்றிப் பிள்ளைகள் மனப்பாடமாக எழுதுவார்கள். இவ்வாண்டு ஆசிரிய நண்பர்கள் தலைப்பை மாற்றிப் பார்க்கலாம். பாடசாலையிலிருந்து வீடு வரையுள்ள கடைகளில் உதிரியாகச் சிகரெட் கிடைப்பவை எத்தனை, ஒன்றின் விலை என்ன, அதே காசுக்கு வேறு என்ன வாங்கலாம், கடன் உண்டா என்று மாணவர்கள் தாமே கேட்டு எழுதட்டும். லிங்கநகரிலிருந்து அத்தகைய கட்டுரை ஒன்று வந்தால், எழுத்துப் பிழையோடு வந்தாலும், இவ்விதழில் வெளியிட நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.