பிரசவ வார்டும் வீட்டுத் திண்ணையும்

தாமிரபரணிக் கரையில் இரண்டாவது பிள்ளை பெற்றவளுக்கு, ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் ஒரு கேள்வி வந்துவிடும்: "ஆபரேஷன் பண்ணிக்கிடுதியாம்மா?" அம்பாசமுத்திரமானாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டானாலும் கேள்வி அதுதான், பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் 57.8 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். காப்பர்‑டி, மாத்திரை, ஊசி, ஆணுறை எல்லாவற்றையும் கூட்டினாலும் 8 சதவீதம் தேறாது.

கடலுக்கு அந்தப் பக்கம் கணக்கே வேறு. இலங்கையின் 2016 ஆய்வில் பெண்களுக்கான அறுவை ஏறக்குறைய 14 சதவீதம்தான். ஊசியும் லூப்பும் மாத்திரையும் கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சியும் மீதியில் பெரும்பகுதியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அப்படியும் அந்த ஆய்வுகளின்படி அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.2 பிள்ளைகள்; தமிழ்நாட்டில் 1.8. இரு ஊரும் சிறுகுடும்பத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன, வழிதான் வேறு.

வித்தியாசம் எங்கே தொடங்குகிறது? கேள்வியை யார், எப்போது கேட்கிறார்கள் என்பதில்.

நெல்லைச் சீமையில் அது பிரசவ வார்டிலேயே முடிகிற காரியம். பிள்ளை பிறந்த ஓரிரு நாளில் கருப்பை இன்னும் தொப்புள் உயரத்தில் நிற்பதால் சின்னக் கீறல் போதும். சிசேரியன் என்றால் தனிக் கீறலே தேவையில்லை. அதே 2019–21 ஆய்வில் மாநிலத்தின் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முக்கூடல் பக்கத்துப் பீடி சுற்றும் வீடுகளில் ஒருத்தி இன்னொரு முறை வந்து படுத்துக்கொள்ள முடியுமா? "ஒரே படுக்கையில முடிச்சிருவோம்" என்று மாமியார் சொல்வதில் கணக்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் முதல் பிள்ளைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இடைவெளி விடுவது என்ற ஒன்று வருவதேயில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே மாநிலம் 1950களில் ஆண்களுக்குத்தான் முதலில் பணம் கொடுத்து வாசக்டமி செய்தது. பின்னாளில் குடும்பக் கட்டுப்பாட்டை முடுக்கிவிட்ட தலைமைச் செயலர் டி.வி. ஆண்டனியின் பெயரிலுள்ள முன்னெழுத்துகளுக்கு 'டியூபெக்டமி, வாசக்டமி' என்று விரிவு சொல்லிச் சிரித்த காலமும் உண்டு. நெருக்கடிநிலைக் காலக் கட்டாயக் கருத்தடைகளுக்குப் பிறகு நாடெங்கும் ஆண்கள் நழுவிவிட்டார்கள். 2019–21 ஆய்வில் தமிழ்நாட்டில் ஆண் கருத்தடை 0.1 சதவீதம்.

இலங்கையில் கேள்வி வீட்டு வாசலுக்கு வருகிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வாரிசு, குடும்பநல மாது என்னும் மருத்துவிச்சி. ஏறத்தாழ 3000 பேருக்கு ஒருவர். பகுதியிலுள்ள ஒவ்வொரு தம்பதியும் அவர் பதிவேட்டில் இருப்பார்கள். பிரசவித்தவளைப் பத்து நாளுக்குள் இருமுறையாவது போய்ப் பார்ப்பார். தாய்ப்பால், தையல், காய்ச்சல் விசாரித்துவிட்டு, "அடுத்ததுக்கு என்ன யோசனை?" என்று பேச்சு வரும். மாத்திரையும் ஆணுறையும் அவர் கையிலேயே கிடைக்கும்.

இதைப் பொன்னாகப் புகழ்ந்துவிட முடியாது. மலையகத் தோட்டங்களில் அறுவை நாட்டுச் சராசரியைவிட வெகுவாக ஓங்கி நின்றது. 1980களில் அரசே ஊக்கத்தொகையும் கொடுத்தது. 2013 ஆகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்து வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், பிள்ளைகளுக்கென்று கிளினிக்குக்கு வரச் சொல்லித் தங்கள் கையில் குச்சி வைத்துவிட்டதாகப் பெண்கள் முறையிட்டார்கள். அதிகாரிகள் மறுத்தார்கள். போர் முடிந்து நான்காண்டே கடந்திருந்த ஊரில் அந்த மறுப்பை யார் நம்புவார்? இந்தியாவின் பங்குக்கு 2014இல் பிலாஸ்பூர் கருத்தடை அறுவை முகாம்களில் 13 பெண்கள் இறந்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொன்னது.

பிரசவம் முடிந்து 48 மணி நேரத்துக்குள் காப்பர்‑டி வைக்கும் முறை இப்போது இரு நாட்டிலும் உண்டு. 2017இல் இந்தியா 'அந்தரா' ஊசியையும் அரசுத் திட்டத்தில் சேர்த்தது. அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டியது. நினைவுபடுத்தவும், ரத்தப்போக்கு மாறினால் பயந்து ஓடிவரும் பெண்ணுக்குப் பதில் சொல்லவும் ஆள் வேண்டும். தமிழ்நாட்டில் அந்த ஆள் கிராம சுகாதார செவிலியர். 5000 பேருக்கு ஒருவர் என்பது விதி. தடுப்பூசி, பிக்மி என்னும் கர்ப்பப் பதிவு, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கான தாள்கள் எல்லாம் அவர் தலையில்தான்.