ஆணியை வைத்து அலமாரிக்கு வயது சொல்லலாமா?

அமெரிக்கப் பழைய மரச்சாமான்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் ஓர் அட்டவணை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். கொல்லர் அடித்த ஆணியா, 1800-க்கு முன். இரும்புத் தகட்டிலிருந்து மெஷின் வெட்டிய சதுர ஆணியா, 19-ஆம் நூற்றாண்டு. உருண்டைக் கம்பி ஆணியா, 1890-க்குப் பின். பார்க்க ரொம்ப சுத்தமா இருக்கும். என் புகாரே அந்தச் சுத்தம்தான்.

இந்த விஷயத்தில் பலரும் காட்டுவது லீ நெல்சன் 1968-இல் வெளியிட்ட சிறு கட்டுரை. நல்ல கட்டுரை. ஆனால் அது பழைய கட்டடங்களின் காலத்தைக் கணிக்க எழுதியது. அதுவும் ஒரு 'உதவி' என்றுதான் தலைப்பிலேயே சொல்கிறார். அட்டவணை போடுகிறவர்கள் அந்த வார்த்தையை விட்டுவிட்டார்கள்.

அட்டவணையில் அடங்காத ஒரு விஷயம் பாருங்க. ஆரம்பகால வெட்டு ஆணிகளில் இரும்பின் நார் ஆணிக்குக் குறுக்கே ஓடும். வளைத்தால் முறியும். அதனால் கதவுச் சட்டத்தில் நுனியை மடக்கி அடிக்க வேண்டிய இடத்தில், வெட்டு ஆணி மலிவாகக் கிடைத்த பிறகும், தச்சர்கள் கொல்லர் ஆணியையே பயன்படுத்தினார்கள். 1830-களின் கடைசியில் நார் நீளவாக்கில் ஓடும்படி செய்த பிறகுதான் நிலைமை மாறியது. ஆக ஒரே அலமாரியில் இரண்டும் இருந்தால் அது போலி என்று அர்த்தமில்லை.

இன்னொன்று, ஆணி ஒரு பக்கத் தேதியைத்தான் சொல்லும். 2015-இல் வந்த லைப்ரரியைக் கூப்பிடும் நிரல் 2015-க்கு முன் எழுதியதாக இருக்க முடியாது. பழைய லைப்ரரியைக் கூப்பிட்டால் அது பழைய நிரல் ஆகிவிடுமா என்ன? கூர்முனை ஸ்க்ரூ 1840-களில்தான் பரவலாகத் தொடங்கியது, அதற்கு முன் முனை மொட்டை. எனவே '1780 மேசை'யில் கூர்முனை ஸ்க்ரூ இருந்தால், ஒன்று பின்னால் மாட்டியது, இல்லையென்றால் விற்பவர் கதை விடுகிறார். ஆனால் கொல்லர் ஆணி இருப்பதால் எதுவும் நிரூபணமாகாது. இடித்த வீட்டிலிருந்து பிடுங்கிய ஆணி எங்கும் கிடைக்கும். வெட்டு ஆணியை இன்றைக்கும் செய்கிறார்கள்.

என்னைக் கேட்டால் ஆணியைவிட ஓட்டையை நம்புவேன். ஓக் மரத்தின் டானின் இரும்போடு சேர்ந்து வருஷக்கணக்கில் கறுப்புக் கறையாகப் படியும். பழைய ஆணியைச் சுற்றி மரம் வெளுப்பாக இருந்தால் சந்தேகப்படணும். பின்பலகையில் கம்பி ஆணி, அதன் பக்கத்திலேயே கறை படிந்த காலிச் சதுர ஓட்டை என்றால், பலகை பழசு, ஆணி ரிப்பேர்.