விளம்பரக் கல்லாவில் தாயில்பட்டி

சிவகாசிப் பட்டாசு விற்கும் இணையதளங்கள் பலவற்றில் ஒரே அறிவிப்பைப் பார்க்கலாம். 2018 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி இணையத்தில் பட்டாசு விற்க அனுமதி இல்லை. வேண்டிய சரக்கைக் குறித்து, பெயர், ஊர், கைபேசி எண் கொடுத்து அனுப்புங்கள், நாங்கள் போனிலோ வாட்ஸ்அப்பிலோ பேசி முடித்துக்கொள்கிறோம் என்பது அதன் சாரம். வாசகம்கூட ஏறக்குறைய ஒன்றேதான். யாரோ ஒருவர் எழுதிவைத்ததை ஊரே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. சட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அதன் பக்கவாட்டில் நடந்துபோகிற இந்த ஏற்பாட்டில்தான் தீபாவளிதோறும் மோசடிக்காரர்கள் புகுந்துகொள்கிறார்கள். பணம் போன பிறகு பழி வழக்கமாக ஒரே இடத்தில் போய் விழும்: "பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா?" அந்தத் தீர்ப்பு நியாயமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வெம்பக்கோட்டை வட்டத்துத் தாயில்பட்டி ஆலையும் கடையும் நிறைந்த பட்டாசு ஊர். அங்கிருந்து பார்த்தால் மோசடியின் இன்னொரு முனை தெரியும். உண்மையிலேயே கடை வைத்திருப்பவரின் பெயர்ப்பலகை, உரிம நகல், ஜிஎஸ்டி எண், கடைவாசல் படம் எல்லாம் இணையத்தில் கிடக்கின்றன. வாடிக்கையாளர் நம்ப வேண்டும் என்று அவரே போட்டவை. அவற்றை அப்படியே அள்ளி ஒரு தளம் கட்டி, கைபேசி எண்ணை மட்டும் மாற்றிவிட்டால் கடை தயார். "அண்ணாச்சி, பணம் போட்டுப் பத்து நாளாச்சு, லாரி ஆபீஸ்ல கேட்டா சரக்கே வரலைங்கிறாங்க" என்று முகம் தெரியாத ஒருவர் திட்டும்போதுதான் தன் பெயரில் இன்னொரு கடை நடப்பது அசல் கடைக்காரருக்குத் தெரியவரும். பணம் இழந்தவர் ஒருவர், பெயர் இழந்தவர் இன்னொருவர்.

முதலில் வியாபாரத்தின் பங்கைச் சொல்லிவிடலாம், அதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் குறைசொல்வது முறையல்ல. பட்டியல் விலையை ஏற்றிவைத்து, அதில் 80 சதவீதம் தள்ளுபடி என்று போடுவது இந்தத் தொழிலில் ஊறிப்போன பழக்கம். நாணயமான கடையே 80 போடும்போது மோசடிக்காரன் 90 போட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்? உண்மை விலை என்ன என்பதே வாங்குபவருக்குத் தெரியாதபடி செய்துவைத்த சந்தையில், "நம்ப முடியாத விலையைக் கண்டால் விலகுங்கள்" என்ற அறிவுரைக்கு அர்த்தம் இல்லை. பட்டாசு போகும் வழியும் மோசடிக்குத் தோது. தபாலில் அனுப்ப முடியாது. ரயிலில் கொண்டுபோவது 1989 ரயில்வே சட்டப்படி குற்றம். மிஞ்சுவது லாரி. வீட்டு வாசலில் பெட்டியைப் பார்த்துப் பணம் கொடுக்கும் வசதி பெரும்பாலும் கிடையாது. முழுப் பணமும் முன்னால் போகும், சரக்கு சில நாள் கழித்து வரும். அந்தச் சில நாள்தான் திருடனுக்குக் கிடைக்கும் அவகாசம்.

இனி நீதிமன்ற உத்தரவுக்கு வரலாம். அர்ஜுன் கோபால் வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு தந்த தீர்ப்பு அது. பேரியம் உப்புக்குத் தடை, சரவெடிக்குத் தடை, தீபாவளியன்று வெடிக்க இரண்டு மணி நேரம் என்ற வரிசையில், பிளிப்கார்ட், அமேசான் உள்ளிட்ட மின்வணிகத் தளங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாது, எடுத்தால் நீதிமன்ற அவமதிப்பு என்றும் சொன்னது. உரிமம் பெற்ற வியாபாரி வழியாக மட்டுமே விற்பனை நடந்தால் என்ன வெடி எங்கே போகிறது என்று கண்காணிக்கலாம் என்ற கணக்கில் பிழை இல்லை. வெடிபொருளை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் பொட்டலம் கட்டி அனுப்பும் நிலையைத் தடுத்ததும் சரிதான்.

பிசகு அடுத்த படியில் நடந்தது. பெரிய தளங்களில் ஒரு பொருள் வராவிட்டால் முறையிட ஓர் இடம் உண்டு. பணத்தைத் திருப்பும் ஏற்பாடும் உண்டு. தடை வந்ததும் வாங்கும் ஆசை குறையவில்லை, அந்த ஏற்பாடு மட்டும் காணாமல் போயிற்று. வியாபாரம் வாட்ஸ்அப் உரையாடலுக்கும், யாரோ ஒருவரின் சொந்த யுபிஐ எண்ணுக்கும் இடம் மாறிவிட்டது. அங்கே பணம் போனால், நீங்களே ரகசிய எண்ணைத் தட்டி அனுப்பிய பணம் என்று வங்கி கைவிரிக்கும். வாடிக்கையாளர் பொறுப்பு பற்றிய ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை, அவருக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைக்குத்தான் காப்பு தந்தது. ஏமாந்து அனுப்பியதற்கு அல்ல. ஆக, உத்தரவு பட்டாசைக் கவனித்தது. பணம் போகும் பாதையைக் கவனிக்கவில்லை. நீதிமன்றத்தின் மீது வைக்கக்கூடிய குறை இவ்வளவுதான், அதற்கு மேல் ஏற்றினால் அநியாயம்.

பெருங்குறைக்கு உரிய இடம் வேறு. வாங்குபவர் அந்தப் போலிக் கடையை எப்படிக் கண்டுபிடித்தார்? பெரும்பாலும் அவர் தேடிப் போகவில்லை, கடை அவரைத் தேடி வந்தது. பேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ யூடியூபிலோ ஒரு விளம்பரம். இத்தனை வயது, இந்த ஊர், தமிழ் பேசுபவர், போன வாரம் பட்டாசு விலை பார்த்தவர் என்று ஆள் பிரித்துக் கொடுப்பதற்காகத்தான் அந்த நிறுவனங்கள் விளம்பரதாரரிடம் காசு வாங்குகின்றன. "என் போன் நம்பரை எடுத்து என்ன பண்ணப் போறாங்க, நான் என்ன மந்திரியா?" என்று அந்தரங்கம் பற்றிய பேச்சைத் தட்டிக்கழிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆள் பிரித்துக் கொடுக்கும் இந்த வசதி இல்லாவிட்டால் மோசடிக்காரன் ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்க வேண்டும், மாட்டியும் இருப்பான். விளம்பரத்தைத் தட்டினால் நேராக வாட்ஸ்அப் திறக்கும் வசதியும் உண்டு. அந்த விளம்பரம், அது வந்த பேஸ்புக், பேச்சு நடக்கும் வாட்ஸ்அப் மூன்றும் மெட்டா என்ற ஒரே முதலாளியுடையவை.

கூகுள், மெட்டா இரண்டின் விளம்பர விதிகளும் பட்டாசு விளம்பரத்தை அனுமதிப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. வெடிபொருள் என்ற தலைப்பில் அதையும் சேர்த்திருக்கிறார்கள். விதிப்படி பார்த்தால் போலிக் கடையின் விளம்பரம் மட்டுமல்ல, அசல் கடையின் விளம்பரமும் வந்திருக்கக் கூடாது. விதிக்குப் பயப்படுகிற கடைக்காரர் ஒதுங்கிக்கொள்ள, பயப்படாதவன் விளம்பரம் போடுகிறான். விதியைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு கல்லாவைத் திறந்து வைத்திருந்தால் விளைவு இதுதான்.

கல்லாவில் எவ்வளவு சேர்கிறது என்பதற்கும் ஓர் ஆதாரம் வந்துவிட்டது. 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் மெட்டாவின் உள் ஆவணங்களைப் பார்த்து எழுதியது: 2024-ஆம் ஆண்டு வருமானத்தில் ஏறக்குறைய 10 சதவீதம், அதாவது சுமார் 1,600 கோடி டாலர், மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று நிறுவனமே கணித்திருந்தது. விளம்பரதாரர் மோசடிக்காரர் என்று 95 சதவீதம் உறுதியானால்தான் அதன் தானியங்கி முறை தடைசெய்யும். அதற்குக் கீழே சந்தேகம் இருந்தால் விளம்பரக் கட்டணத்தைக் கூட்டி வசூலிக்கும். மோசடி விளம்பரத்தை ஒருமுறை தட்டியவருக்கு, விருப்பம் அறிந்து பரிமாறும் முறையால், அதுபோன்ற விளம்பரங்கள் மேலும் வர வாய்ப்பு உண்டு என்றும் அந்தச் செய்தி சொன்னது. கணிப்பு தோராயமானது, தேவைக்கு மேல் எல்லாவற்றையும் உள்ளே சேர்த்தது என்பது மெட்டாவின் மறுமொழி. சரி, பாதியாகவே குறைத்துக்கொள்வோம். சந்தேகத்துக்குரியவனிடம் கூடுதல் கட்டணம் வாங்குவது தண்டனையா, பங்கா என்ற கேள்வி பாதியாகக் குறையாது.

இவர்கள் தரப்பில் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு. கோடிக்கணக்கான பதிவுகளை மனிதர் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்கச் சொன்னால், பயத்தில் எல்லாவற்றையும் நீக்குவார்கள், பேச்சுச் சுதந்திரம்தான் அடிபடும். 2000 தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு இதனால்தான் இடைத்தரகர்களுக்குக் காப்பு தந்தது. 2015 ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு, நீதிமன்றமோ அரசோ உத்தரவிட்ட பிறகே நீக்கும் கடமை என்று அதை உறுதிப்படுத்தியது. பதிவுகளைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். விளம்பரம் பதிவு அல்ல. அதற்கு விண்ணப்பம் உண்டு, பரிசீலனை உண்டு, ஏலம் உண்டு, ரசீது உண்டு. தில்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 10 அன்று, டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ் என்ற சாமான் ஏற்றிச்செல்லும் நிறுவனத்தின் வணிகப்பெயர் வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது: தன் விளம்பரத் திட்டத்தில் கூகுள் சும்மா நிற்கும் தரகர் அல்ல, தீவிரமாகப் பங்கேற்பவர்; வணிகப்பெயர் மீறல் நடந்தால் 79-ஆம் பிரிவுக் காப்பைக் கோர முடியாது. பெயரைப் பறிகொடுத்த தாயில்பட்டிக் கடைக்காரருக்கு இந்த வழி திறந்தே இருக்கிறது. அதில் நடந்துபோக அவருக்கு வசதி இருக்கிறதா என்பது வேறு சங்கதி.

சரிபார்க்க முடியாது என்ற வாதமும் நிற்காது. பங்குச்சந்தை ஆலோசனை விளம்பரம் போட வேண்டுமானால் செபியிடம் பதிவு செய்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் காட்ட வேண்டும் என்று 2025-இல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி ஏற்பாடு செய்தபோது, கூகுளும் மெட்டாவும் அதற்கு உட்பட்டன. செபி கேட்டது, கிடைத்தது. பட்டாசுக்கு உரிமம் தரும் மாவட்ட நிர்வாகமும் நாக்பூரில் தலைமையகம் உள்ள மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவும் அப்படிக் கேட்டால் அதே முறையை இங்கும் பொருத்தலாம். சிங்கப்பூர்க் காவல்துறை 2025 செப்டம்பரில், அரசு அதிகாரிகளைப் போல வேடமிடும் மோசடிகளைத் தடுக்காவிட்டால் 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் என்று மெட்டாவுக்கு ஆணை அனுப்பியது. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், ஏமாந்து அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கிகளே திருப்பித் தர வேண்டும்; அனுப்பிய வங்கியும் வாங்கிய வங்கியும் பாதிப் பாதி. நம் ஊரில் கிடைப்பது 1930 என்ற உதவி எண். நல்ல எண்தான், உடனே கூப்பிட்டால் பணத்தை முடக்க முடிகிறது. ஆனால் சரக்கு வராது என்று தெரியவே பத்து நாள் ஆகிற வியாபாரத்தில் உடனே கூப்பிடுவது எப்படி?

எல்லாவற்றுக்கும் மருந்து என்று காட்டப்படும் 2023 மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதில் எவ்வளவு உதவும்? ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழிசெய்கிறது, அது நல்ல அம்சம். தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும், இழந்தவருக்கு ஒரு காசும் வராது. இழப்பீட்டுக்கு வழிவைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இது நீக்குகிறது. அந்தப் பிரிவால் பெரிய பயன் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். கைபேசி எண் அதன் வரையறைக்குள்ளேயே வராது. இருந்தும், அடைத்த கதவுக்குப் பதில் இன்னொன்று திறக்கப்படவில்லை. தானே பொதுவெளியில் போட்ட விவரத்துக்குச் சட்டம் பொருந்தாது என்பதால் கடைக்காரரின் எண்ணை அள்ளுபவர்களுக்கும் கவலை இல்லை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும்.

காத்திராமல் உடனே நடைமுறைக்கு வந்தது ஒன்று. இதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் பற்றிய தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டது. பொதுநலன் பெரிது என்று அதிகாரி கருதினால் தரலாம் என்ற 8(2) பிரிவு மிஞ்சியிருக்கிறது. அதிகாரி கருத வேண்டும். பட்டாசு ஊரில் இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், ஆலையை உள்குத்தகைக்கு எடுத்து வேறொருவர் நடத்துவார். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் பட்டாசு ஆலையில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட விபத்திலும் உள்குத்தகை பற்றித்தான் பேச்சு எழுந்தது. உரிமம் யாருடையது, நடத்துபவர் யார், கடைசியாகச் சோதனைக்கு வந்த அதிகாரி என்ன எழுதினார் என்று தொழிலாளியின் குடும்பம் கேட்டால், உரிமதாரரின் அந்தரங்கம் என்று பதில் வரலாம். தன் எண் யாரிடம் போகிறது என்று தெரியாதவருக்குக் காத்திருப்பு. கணக்குக் காட்ட வேண்டியவருக்கு உடனடித் திரை.

ஆகவே என் தீர்ப்பு இது. வாங்கியவரின் கவனக்குறைவு இந்தக் குற்றத்தில் மிகச் சிறிய பங்கு. உண்மை விலையை மறைத்த வியாபாரிகளுக்கு அதைவிடக் கூடுதல் பங்கு உண்டு. சங்கங்கள் நினைத்தால் ஒரு சீசனில் திருத்தலாம். 2018 உத்தரவு நிற்க வேண்டும்; அதோடு, போனிலும் வாட்ஸ்அப்பிலும் வெறும் விலை விசாரிப்பு என்ற பெயரில் நடக்கும் விற்பனையை அரசு நிஜம் என்று ஒப்புக்கொண்டு, உரிம எண்ணோடு இணைந்த வணிகக் கணக்குக்கு மட்டுமே பணம் போகும்படி செய்ய வேண்டும். பெரும்பங்கு விளம்பரம் விற்றவர்களுடையது. தாங்களே தடைசெய்த பொருளின் விளம்பரத்துக்குக் காசு வாங்கிய நிறுவனம், அந்த விளம்பரத்தால் போன பணத்தைத் திருப்பித் தரக் கடமைப்பட்டது என்று 79-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு எழுதினால் போதும். சரிபார்க்கும் திறமை தானாக வந்துவிடும். 2026 தீபாவளி நவம்பர் 8 அன்று வருகிறது. புரட்டாசியிலேயே பட்டியல்கள் கைபேசிக்கு வரத் தொடங்கிவிடும்.