நாய்க்கும் ஒரு வரி

இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் விருதுப் பத்திரங்களைச் சேகரிப்பவர்களின் கண் முதலில் போவது கையெழுத்துக்குத்தான். அச்சடித்த படிவம், சிப்பாயின் பெயர், பதவி, படைப்பிரிவு, தேதி மட்டும் தட்டச்சில், கீழே முத்திரை, தளபதியின் ஒப்பம். மை அசலா அச்சா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். தளபதி பேர்போனவர் என்றால் விலை எகிறும். இரும்புச் சிலுவை வாங்கிய சிப்பாய் பெரும்பாலும் இரண்டாம்பட்சம்.

போளூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு வீரப் பத்திரம் புதிதல்ல. ஜவ்வாது மலையைச் சுற்றி, குறிப்பாகச் செங்கம் வட்டாரத்தில், பல்லவர் காலத்திலேயே அது உண்டு. காகிதத்துக்குப் பதில் நடுகல் என்னும் பலகைக் கல். படமும் பத்திரமும் ஒன்றாகவே இருக்கும்: நடுவில் வில்லும் வாளுமாகப் பாயும் வீரன், மேலேயோ பக்கத்திலேயோ வட்டெழுத்து. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்னாருடைய சேவகன், தொறு (ஆநிரை) மீட்கும்போது பட்டான் என்று நாலு வரி. கால்நடையே செல்வமாக இருந்த வறண்ட சீமை. ஆநிரைச் சண்டையில் செத்தவனுக்கு ஊர் தந்த மரியாதை அது. 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ தொகுப்பைப் புரட்டினால் இந்தச் சீமையின் பழைய படைவீரர் பட்டியலே கிடைக்கும்.

அவற்றில் எனக்கு உயிர் எடத்தனூர்க் கல். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்திக்கு எடுத்தது. அவன் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அதற்குத் தனிக் குறிப்பு: பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது.

இந்தக் கற்களை வீட்டுக்குத் தூக்கி வர முடியாது, கூடாது. பல ஊர்களில் அவை வேடியப்பனாகப் பூசை வாங்கிக்கொண்டிருக்கும் தெய்வங்கள். கல்வெட்டு ஆசைக்காரர்கள் சேர்ப்பது மைப்படி. கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். ஈரம் பாதி காய்ந்ததும் மைப்பொதியால் ஒற்றினால் கருப்பு நடுவே எழுத்து வெள்ளையாக எழும்பும். ஒற்று கொஞ்சம் கனத்தால் பள்ளத்திலும் மை இறங்கி எழுத்து அடைபட்டுப்போகும். நல்ல மைப்படியில் உளி தடுமாறிய இடம்கூடத் தெரியும்.

அரசனின் வீரப் பத்திரம் வேண்டுமென்றால் போளூருக்குப் பக்கத்துத் திருமலைக்குப் போகலாம். அந்தச் சமணக் குன்றின் பாறையில் முதலாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, கங்கை வரை சென்ற படையெடுப்போடு, நீளமாக ஓடுகிறது. தோற்ற மன்னர்களின் பெயர் இருக்கிறது. வென்று கொடுத்த சிப்பாய் ஒருவன் பெயரும் இல்லை. வரலாற்றுக்கு அது பெரிய ஆவணம். ரசிகனுக்கு நடுகல்லே உசத்தி. ஜெர்மன் பத்திரத்தில் தளபதியின் ஒப்பம் விலை பேசுகிறது; நடுகல்லிலோ பல்லவ வேந்தனே ஆண்டுக் கணக்குக்குத்தான் பயன்படுகிறான். மீதி வரிகள் மாண்டவனுக்கு. எடத்தனூரில் அவன் நாய்க்கும்.