சுவைக்கும் நாவும் பறிக்கும் கையும்

மலையகத்தைச் சுற்றிப் பார்க்க வருவோர்க்குத் தேயிலைச் சுவைப்பு இன்று ஒரு தனிக் காட்சியாகிவிட்டது. இத்தாலிய நாட்டுத் திராட்சைத் தோட்டங்களுக்குக் குழுக் குழுவாகச் சென்று மதுவைச் சுவைத்து வருகிறார்கள் அல்லவா? அதுபோலவே நுவரெலியா, அட்டன் பகுதிகளிலும் காலையில் வண்டியேறி, தொழிற்சாலையொன்றைச் சுற்றிப் பார்த்து, நான்கைந்து கோப்பைத் தேநீரை நாவில் வைத்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். இந்த ஒருநாட் பயணத்தையும் ஒரு நூலைப் போலவே படித்துப் பார்க்க முடியும். அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. கதாநாயகனும் உண்டு. அதிலே சொல்லப்பட்டவையும் உண்டு, சொல்லாமல் விடப்பட்டவையும் உண்டு.

அண்மையில் எமது பாடசாலையின் உயர்தர வகுப்புத் தமிழ் மாணவரை அத்தகைய ஒரு தொழிற்சாலைக்கு அழைத்துச் சென்றேன். அவர்களிற் பெரும்பாலோர் லயங்களிலிருந்து வருபவர்கள். வழிகாட்டியவர் கதையை 1867இல் தொடங்கினார். ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். கோப்பிச் செடிகளை நோய் அழித்தது. மலைகளெல்லாம் தேயிலை ஆயின. 1890இல் லிப்டன் வந்தார். கதை இவ்வாறு ஓடியது. 'மலைகளெல்லாம் தேயிலை ஆயின' என்னும் அந்த ஒரு வாக்கியத்தின் இலக்கணத்தைக் கவனியுங்கள். காட்டை வெட்டியவன் யார்? தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்து, வழியிலேயே மடிந்தவர் போக எஞ்சியவர் யார்? செய்தவனைச் சொல்லாமலே செயலைச் சொல்லிவிடும் ஆற்றல் மொழிக்கு உண்டு. அவ்வாற்றல் எப்போதும் குற்றமற்றதன்று.

பின்னர் கொழுந்தை வாட்டுவதையும், உருட்டுவதையும், நொதிக்க விடுவதையும், உலர்த்துவதையும், சலித்துத் தரம் பிரிப்பதையும் கண்டோம். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்குகிறது. இறுதியாகச் சுவைப்பு மேசை. வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். அளந்து இட்ட தூள். ஐந்தாறு நிமிடக் காத்திருப்பு. சுவைஞர் ஒரு கரண்டியை ஓசையெழ உறிஞ்சி, நாவிற் பரப்பி, உமிழ்ந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

அவருடைய கலையை நான் இகழவில்லை. கொழுந்து போதிய அளவு வாடவில்லை, சூடு மிஞ்சிவிட்டது என்றெல்லாம் ஒரு வாயிலே கண்டுகொள்ளும் நா எளிதில் வாய்ப்பதன்று. ஆண்டின் முதல் மூன்று மாத வறண்ட காற்றிலே திம்புள்ளைத் தேயிலையின் மணம் கூர்மை பெறுகிறது. ஊவாவிலோ ஆடி, ஆவணிக் காற்றே அந்தப் பணியைச் செய்கிறது. இவற்றையெல்லாம் அறிந்த ஒருவரின் அறிவு மதிக்கத்தக்கது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயின் ஒரு கோப்பையை நோக்கி அவர், "முற்றிய இலை கலந்திருக்கிறது" என்றார். அங்கேதான் அவருடைய விமர்சனம் பாதி வழியில் நின்றுவிட்டது. முற்றிய இலை தானாகக் கூடைக்குள் வந்து விழவில்லை. நாளுக்கு இத்தனை கிலோ என்று விதித்திருக்கிறார்கள். அந்த நிறை எட்டாவிட்டால் முழுப்பேர் கிடையாது, அரைப்பேர்தான். மழையிலே படங்கைக் கட்டிக்கொண்டு சரிவில் நிற்கும் பெண்ணின் கை, 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' என்னும் விதியைத் தாண்டி விரைவது இதனாலேயே. நாட்கூலியாக 1000 ரூபாய் கேட்டு ஆண்டுக்கணக்கிற் போராடி, 2021இலேதான் அதைப் பெற்ற மக்களின் கை அது. அந்தக் கையின் அவசரத்தைச் சுவைஞரின் நா சரியாகவே கண்டுபிடித்தது. கண்டுபிடித்தது இன்னதென்று மட்டும் அது அறியவில்லை.

நம் இலக்கிய உலகிலும் இத்தகைய சுவைஞர்கள் இருக்கிறார்கள். சொல்லின் மணத்தையும் நடையின் நிறத்தையும் நுட்பமாகச் சொல்வார்கள். அது எந்த வாழ்விலிருந்து பிறந்தது என்று கேட்டாலோ ரசனைக்கு இழுக்கு வந்துவிட்டதென்பார்கள். ஆனால் நம் பக்கத்துக் குறையையும் மறைக்கலாகாது. கதையிலே தொழிலாளி இருக்கிறானா, போராட்டம் எத்தனை பக்கம் வருகிறது என்று, தராசடியில் நிற்கும் கணக்கப்பிள்ளையைப் போல நிறுத்துப் பார்த்துப் பேர் போடுவோர் நம்மிடையே இல்லையா? ஒருவர் நிறுக்காமற் சுவைக்கிறார். மற்றவர் சுவைக்காமல் நிறுக்கிறார். இருவரும் முழு விமர்சகர் ஆகார். தோட்டத்திலே பிறந்து, 1947இல் நாடாளுமன்றம் புகுந்து, மறு ஆண்டே தம் மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமை இழக்கக் கண்ட சி.வி. வேலுப்பிள்ளை, அம்மக்களைப் பாடியபோது உழைப்பையும் விட்டுவிடவில்லை, கவிதையையும் விட்டுவிடவில்லை. நமக்கு வேண்டிய அளவுகோல் அங்கே இருக்கிறது.

இதையெல்லாம் எழுதும் தகுதி எனக்கு எவ்வளவு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயணம் முடிந்தபின் மாணவரைக் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி தேநீரின் நிறத்தையும் மணத்தையும் பிழையற்ற தமிழில் வருணித்திருந்தாள். வகுப்பிலேயே அதிக புள்ளி அவளுக்குத்தான் இட்டேன். அவளுடைய தாய் கொழுந்து பறிப்பவர் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கட்டுரையிலே அந்தத் தாய் இல்லை. ஏன் என்று கேட்டேன். "தேநீரைப் பற்றித்தானே சேர் எழுதச் சொன்னீங்க?" என்றாள்.

வழிகாட்டியின் வாக்கியத்தில் நான் கண்ட குற்றம் என் கேள்வியிலும் இருந்தது. பல ஆண்டுகளாகப் பல கட்டுரைகளுக்கு இதே முறையில்தான் புள்ளி இட்டு வந்திருக்கிறேன்.

மறு வாரம் அவள் தானாகவே ஒரு பக்கம் சேர்த்து எழுதி வந்தாள். கொழுந்து இளசா, முற்றலா என்பதை அம்மா கண்ணாற் பார்ப்பதில்லை, ஒடிக்கும்போதே விரலுக்குத் தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தாள். வீட்டிலே தாங்கள் குடிக்கும் சாயத் தண்ணீரில் அந்த மேசையின் மணம் இருந்ததில்லை என்றும் எழுதியிருந்தாள். முன்பு எழுதிய வருணனையில் ஒரு சொல்லையும் அவள் அடிக்கவில்லை; அடிக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. சுவைஞரின் நாவுக்கு முன்பே ஒரு விரல் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்பதை அவள் எழுதிக் காட்டிவிட்டாள். அந்தக் கட்டுரைக்கு எத்தனை புள்ளி இடுவதென்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. வகுப்பிலே எல்லோரும் கேட்க அதை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.